புளி போட்டு விளக்கிய செக்ஸ்டன்ட்

நம் வயதுக்காரர்களுக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம். எனக்கு அது தலைகீழாக வாய்த்திருக்கிறது. உட்கார முடியவில்லை. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து பல தடவை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன். "எங்கேதான் போறீங்க?" என்று மருமகள் கேட்கிறாள். எங்கேயும் போகவில்லை. போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் தங்கின ஓட்டலில், வரவேற்பறையில் ஒரு செக்ஸ்டன்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகுக்கு வைத்திருந்தார்கள். பித்தளை பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்த நேரத்திலிருந்து கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

உங்களில் பலர் அந்தச் சாமானைப் பார்த்திருக்க மாட்டீர்கள். முக்கோணமாக ஒரு பித்தளைச் சட்டம். அதன் அடியில் வில்லாக வளைந்த பட்டை. பட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் தலைமுடி கனத்துக்குக் கோடுகள். இரண்டு சின்னக் கண்ணாடி, ஒரு குட்டித் தொலைநோக்கி. கப்பலில் போகிறவர்கள் இதைக் கண்ணில் வைத்துச் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து நடுக்கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது ஒன்றல்ல, பீரோ நிறைய இருந்தது.

அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கிளார்க். வேட்டிக்கு மேலே கோட்டு, கையில் குடை. சாயங்காலம் திரும்பும்போது கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். கருங்காலி மரத்தில் தந்தத் தகடு பதித்த அரதப் பழசான கருவிகள், எண்ணெயில் மிதக்கும் திசைகாட்டி, முத்துக்குளிப்புக்குப் போனவர்கள் கடலடியில் சிப்பி கிடக்கும் பார் தேட வைத்திருந்த ஈயக்குண்டு, மணல் கடிகாரம் என்று என்னென்னவோ வந்து சேரும். கொழும்புக்குப் போய்வரும் தோணிகளை ஓட்டும் தண்டல்கள் அங்கே பழைய சாமான் கடைகளில் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். குடிக்கக் காசில்லாமல் கரையில் மாட்டிக்கொண்ட கப்பல்காரன் எவனாவது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த பீரோவைத் திறந்தாலே ஒரு வாடை வரும். பித்தளை, பழைய மெழுகு, விளக்கெண்ணெய் எல்லாம் கலந்த வாடை. இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

இவ்வளவு சேர்த்தவர் கடலோடியாக இருந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது, வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்ச் என்ற விசைப்படகில்தான் போய் வர வேண்டும். அந்த லாஞ்சில் ஏறினாலே அப்பாவுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆபீஸில் அவரை நிரந்தரமாகக் கரை வேலைக்கே வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மொட்டைமாடிக்குப் போவார். சூரியனை அளந்து எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவார். பழங்கருவிகள் அல்லவா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்லும். ஒரு வாரம் வீடு பாளையங்கோட்டைப் பக்கம் போய் நிற்கும். மறுவாரம் கடலுக்குள் இறங்கிவிடும். அம்மா கீழேயிருந்து குரல் கொடுப்பாள்.

"இன்னைக்கு வீடு எங்கன இருக்கு? சோத்த அங்கன கொண்டாரணுமா, இங்கனயே போடவா?"

அப்பாவுக்குக் கோபம் வரும். எங்களுக்குச் சிரிப்பு வரும். அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மதினியும் சிரிப்பாள், புதுப்பெண் என்பதால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

மதினி சாத்தான்குளம் பக்கத்துப் பெண். பள்ளிக்கூட வாத்தியார் மகள். கல்யாணமாகி வந்த பிறகுதான் கடலையே பார்த்தாள். அண்ணன் பம்பாயில் கப்பல் படிப்புப் படித்து, பயிற்சிக்காக மூன்று வருஷம் கப்பலில் ஓடி, மேட் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான். கப்பலில் காப்டனுக்குக் கீழே இருக்கிற அதிகாரிகளுக்கு மேட் என்று பெயர். வேலை கிடைக்கும்வரை கரையில் இருப்பவனுக்குக் கால்கட்டுப் போட்டுவிடலாம் என்று அம்மாதான் கல்யாணத்தை அவசரமாக முடித்தாள்.

யுத்த காலம் அது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழும்பில் குண்டு விழுந்ததும் ஊரில் பாதி மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். மண்ணெண்ணெய்க்கு வரிசை. அபாயச் சங்கு ஊதினால் மேசைக்கடியில் நுழைய வேண்டும். அதைவிடப் பயங்கரம், சத்தமில்லாமல் வரும் சேதிகள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டு மனுஷர் கப்பலில் நெருப்பறை வேலைக்காரர். கப்பல் மூழ்கியபோது அதோடு போனவர் போனவர்தான். அவர் மனைவியைத் துக்கம் கேட்க அம்மா மதினியையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "அவுகள எங்கன பொதச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மதினி அன்று சாப்பிடவில்லை.

அண்ணனுக்கு இதெல்லாம் ஏறவில்லை. கூண்டில் அடைத்த மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். மாடிக்கு மதினியைக் கூட்டிப்போய் அப்பாவின் கருவிகளைக் காட்டுவான். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். "இந்தா பாரு, இந்தக் கோடுதான் இதுக்கு உசுரு. இது தேஞ்சு போச்சுன்னா அப்புறம் எடைக்குத்தான் போடணும்" என்று அவன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். பெண்டாட்டிக்குப் பெருமையாகக் காட்டினான். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் வெளியே வந்து நின்றது. அதில் மூன்றாவது மேட் காய்ச்சலில் படுத்துவிட்டான். அப்பாவின் ஆபீஸ் மூலமாகக் காப்டன் அண்ணனைப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. மேட்டாக வருகிறவன் தன் சொந்த செக்ஸ்டன்டோடு வர வேண்டும். அதுதான் கப்பல் வழக்கம். கொத்தனார் தன் கரண்டியோடு வருகிற மாதிரி. யுத்தத்தில் பம்பாயிலும் கிடைக்கவில்லை, கொழும்பிலும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தது. அத்தனையிலும் ஒன்றுதான் பழுதில்லாமல் சரியாக அளக்கும். அதை அப்பா துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, பெட்டியை மேல்தட்டில் வைத்திருந்தார். எங்களைத் தொடவே விட்டதில்லை.

அண்ணன் கேட்டான்.

"பீரோவுல கை வச்சேன்னா கைய ஒடிச்சிருவேம்லே," என்றார் அப்பா.

அண்ணன் கொதித்துப்போனான். "பெத்த பிள்ளைய விட இவுகளுக்குப் பித்தளதான் பெருசு" என்று அம்மாவிடம் கத்தினான். தெருவே அதைத்தான் சொன்னது. அப்பாவின் கருமித்தனத்தை நம்பி நிம்மதியாக இருந்தது மதினி ஒருத்திதான். அந்த நாட்களில் அவள் முறுக்குச் சுடும்போது பாடினாள்.

பிறகு ஒருநாள் காலையில், மகன் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, யாரும் கேட்காமல், அப்பா தானே அந்தப் பெட்டியை இறக்கிக் கூடத்து மேசையில் வைத்தார். "கொண்டு போலே. பத்திரமா கொண்டு வா," என்றார். அண்ணன் அவர் காலில் விழுந்தான். அடுப்படியில் பாட்டு நின்றுவிட்டது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரியுமல்லவா? வீட்டிலுள்ள பித்தளை, வெண்கலம் எல்லாம் பின்வாசல் கிணற்றடிக்கு வந்துவிடும். சருவம், குடம், செம்பு, குத்துப்போணி எல்லாம் மலையாகக் குவியும். பழம்புளியைக் கரைத்து, செங்கல்பொடி தொட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். கை வெந்துபோகும். அன்றும் அப்படித்தான். அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டார், அண்ணன் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கப் போயிருந்தான். நான் செம்புகளை அடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

மதினி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மரப்பெட்டி திறந்து கிடந்தது. மடியில் செக்ஸ்டன்ட். அந்த வில்பட்டையை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னும், முன்னும் பின்னும், பல்லைக் கடித்துக்கொண்டு. செங்கல்பொடி அவள் முழங்கைவரை சிவப்பாக வழிந்தது.

"மதினி, அது அப்பா சாமான்!" என்று கத்தினேன்.

அவள் நிமிரவேயில்லை. என் சத்தம் கேட்டு அம்மாதான் ஓடிவந்தாள். வந்தவள் பார்த்தாள். பட்டையில் கோடு ஒன்றும் இல்லை. வெள்ளி வெறும் வெள்ளியாக மின்னியது.

"அத்தை, அவுகள போக விடாதிய," என்றாள் மதினி. "அந்தக் கோடி வீட்டு அக்கா கெடக்குற கெடப்ப நீங்களும் பாத்தியள்லா. என்னால முடியாது அத்தை."

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அக்கம்பக்கத்துச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். செக்ஸ்டன்டை மதினி மடியிலிருந்து எடுத்தாள். ஒரு உருண்டை புளியை எடுத்து, செங்கல்பொடியில் புரட்டி, மிச்சத்தைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். சட்டம், கைப்பிடி, தொலைநோக்கிக் குழல், திருகாணி எதையும் விடவில்லை. கண்ணாடியின் முதுகில் பூசியிருந்த ரசமும் புளித்தண்ணீரில் உரிந்து வந்தது.

"கைய கழுவிட்டு உள்ள போளா. ஆரு கேட்டாலும் நீ இங்கன வரவே இல்ல," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னத்த வாயப் பொளந்துக்கிட்டு நிக்க? அந்தச் சருவத்த எடு" என்றாள்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, பிறகுதான் விளங்கியது. கோட்டை மட்டும் அழித்திருந்தால் வேண்டுமென்றே செய்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். முழுவதையும் விளக்கி வைத்தால் கூறுகெட்டத்தனம். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் வேண்டுமென்று செய்தாள் என்றால் அவளை அன்றே தகப்பன் வீட்டுக்கு வண்டியேற்றிவிடுவார்கள். கூறுகெட்ட மனைவியை யாரும் வண்டியேற்றுவதில்லை. ஏசுவார்கள், அவ்வளவுதான்.

ஏசினார்கள். அப்பா பெட்டியைத் திறந்து, பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு செஞ்சா?"

"நாந்தான்," என்றாள் அம்மா. "கிறிஸ்மஸுக்கு எல்லாத்தையும் வெளக்கினேன். இதும் மங்கிப்போயிக் கெடந்துச்சு, சேத்துத் தேச்சேன். நல்லாத்தான இருக்கு?"

"கூறுகெட்ட மூதி! நீ தேச்சது பித்தளைய இல்லளா, உம் மவன் பொழப்ப!" அப்பாவின் குரல் தெருமுனைவரை கேட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பைபிளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எத்தனையோ தடவை வாசித்தவள், எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி, வாயை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு மதினி மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மதினியோ அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போயிருந்தாள்.

கப்பல் அண்ணன் இல்லாமல் போய்விட்டது. கதை ஊர் முழுக்கப் பரவியது. ஆபீஸில் அப்பாவிடம், "வீட்டுல எல்லாம் பளபளன்னு இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். கோயிலுக்குப் போகிற வழியில் பெண்கள் அம்மாவைப் பார்த்து, "எங்க வீட்டுக் கடிகாரத்தையும் கொஞ்சம் வெளக்கித் தாங்களேன்" என்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அண்ணன்தான் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் நடந்தான். கூடத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கூடம். சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். சாயங்காலமானால் கடற்பாலத்துக்குப் போய், வெளியே நிற்கிற கப்பல்களைப் பார்த்துவிட்டு வந்து யாரிடமும் பேசாமல் படுப்பான். மதினி அவன் பின்னாலேயே காப்பி, மோர் என்று எதையாவது கொண்டு போவாள். அவன் வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுவான். வீட்டில் யாருக்கும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு வந்திருக்கிற இந்த நடைவியாதியின் மூலம் அந்த வீடுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் அந்தக் கப்பல் பத்திரமாகத் திரும்பி வந்தது. அண்ணனுக்குப் பதிலாகப் போன பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கொழுத்துப்போய், வெள்ளை உடுப்புப் போட்டு, ஒரு டின் பிஸ்கட்டோடு. அண்ணன் அவன் சொன்னதற்கெல்லாம் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே வாரம் அவர் பைலட் துரையைப் பார்க்கப் போனார். கப்பல்களை வழிகாட்டி நங்கூரம் போடும் இடத்துக்குக் கொண்டுவருகிற வெள்ளைக்காரர் அவர். அப்பாவின் பீரோ மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். அந்தக் கருங்காலிச் சாமானையாவது கொடு என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார், அப்பா ஒவ்வொரு வருஷமும் மாட்டேன் என்பார். துரையிடம் நல்ல செக்ஸ்டன்ட் ஒன்று இருந்தது. அப்பா போய், "பீரோவோட எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க. அது ஒண்ணக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

கைவண்டியில் ஏற்றினார்கள். திசைகாட்டி, தொலைநோக்கி, மணல் கடிகாரம், ஈயக்குண்டு எல்லாம் வைக்கோலில் சுற்றிப் போயின. அப்பா வண்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்து போனார். கருமி என்று சொன்ன தெரு, வாசலில் வந்து நின்று பார்த்தது. திரும்பி வந்தபோது அவர் கக்கத்தில் ஒரே ஒரு பெட்டி.

இந்தத் தடவை அண்ணனிடம் கொடுப்பதற்கு முன்னால் மதினியைக் கூப்பிட்டார். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னொரு கப்பல் வந்திருக்கு. உனக்குச் சம்மதந்தான தாயி?"

மருமகளிடம் மாமனார் அப்படிக் கேட்பது அந்தக் காலத்தில் இல்லாத வழக்கம். அம்மா சுளகை நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்தால் கிணற்றடி விஷயமும் வெளியே வந்துவிடும் என்ற பயம் மதினிக்கு. மருமகள் தானாகச் சொல்லாமல் நாம் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அம்மாவுக்கு.

"அவுக இஷ்டம், மாமா," என்றாள் மதினி.

அப்பா சரி என்று தலையாட்டினார்.

கடற்பாலத்துக்கு எல்லோரும் போனோம். அண்ணன் அன்றைக்கு எவ்வளவு அழகாக இருந்தான்! லாஞ்சில் ஏறும் முன் பெட்டியைத் தட்டிக்காட்டி, "எம்மா, நான் வாரதுக்குள்ள இதுக்கும் புளி ஊறப் போட்டுறாத" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அப்பா யாரும் எதிர்பாராமல் தானும் லாஞ்சில் ஏறிக்கொண்டார். கப்பல்வரை போய் மகனை ஏற்றிவிட்டு, முகமெல்லாம் பச்சை பிடித்து, கோட்டெல்லாம் வாந்தியோடு திரும்பி வந்தார். "நல்ல கப்பல். பெரிய கப்பல்" என்று மதினியிடம் மட்டும் சொன்னார்.

கச்சான் என்கிற மேல்காற்று ஆரம்பித்து, கண்ணிலும் சோற்றிலும் மணல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் ஆபீஸின் பெரிய கிளார்க் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். ஒருநாளும் கழற்றாதவர். அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அரபிக்கடலில் கப்பல் மூழ்கிவிட்டது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிழைத்தவர்கள் யாரும் இல்லை.

அடக்கம் பண்ண ஒன்றும் இல்லாத வீட்டில் ஜெபம் மட்டும் நடந்தது. வந்தவர்கள் போனார்கள். மதினி அழவில்லை. தண்ணீர் எடுத்தாள், விறகு உடைத்தாள், எனக்குத் தலை பின்னினாள். அவள் கை மட்டும் சில்லென்று இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"கூறுகெட்டவன்னு உன்ன ஏசினேனே. உன் கூறுகெட்டதனம் எம்புள்ளைய கரையில வச்சிருந்துச்சு. நாந்தான் வலியப் போயி வாங்கிக் குடுத்து அனுப்பினேன்."

"அது நான் செஞ்சதில்ல," என்றாள் அம்மா. "உங்க மருமவ செஞ்சது. எப்படியாவது அவன நிறுத்தணும்னு அவதான் கோட்ட அழிச்சா. நான் மிச்சத்தத்தான் தேச்சேன். ஏச்சு எம்மேல விழட்டும்னு இருந்தேன். இப்ப நல்ல பேரு வருது. அது அவளுக்குள்ளது."

அப்பா திரும்பினார். மதினி அடுப்படி வாசலில் ரசச் சட்டியோடு நின்றிருந்தாள்.

"ஏன் தாயி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியளா, மாமா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்பா தட்டைத் தள்ளி வைத்தார்.

"இல்ல தாயி," என்றார். "நீ கால்ல விழுந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

மதினி சட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சேதி வந்த பிறகு அதுதான் முதல் அழுகை. அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்படியும் ஒரு கல்நெஞ்சு உண்டா, ஆறுதலுக்காவது வேறு மாதிரி சொல்லக் கூடாதா என்று பல வருஷம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. என் பிள்ளைகளும் ஊர் ஊராகப் போன பிறகுதான், ஒரு நாள் இப்படி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கும்போது, எனக்கு உறைத்தது. சம்மதமா என்று வலியக் கூப்பிட்டுக் கேட்ட மனுஷர் அவர். வேண்டாம் மாமா என்று அவள் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியை அண்ணன் கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும். ஆனால் 'நிறுத்தியிருப்பேன்' என்ற உண்மையைச் சொல்லியிருந்தால், தான் வாய் திறக்காததே புருஷனைக் கொன்றுவிட்டது என்று மதினி மிச்ச ஆயுள் முழுக்க வெந்து செத்திருப்பாள். அப்பா அதை அவள் தலையில் வைக்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்ற பெயரைத் தான் எடுத்துக்கொண்டு ஒரு பொய் சொன்னார்.

மதினி கடைசிவரை அதை நம்பினாள்.